அக்கா வீட்டுக் கல்ரோடு

என் சொந்த அக்காவின் வீட்டுக்கு இனி எந்தக் காரும் போகமுடியாதபடி மனு எழுதிக் கொடுத்து வழியை அடைத்த முட்டாள் நான்தான். யாரும் என்னைத் தூண்டிவிடவில்லை. நானே உட்கார்ந்து யோசித்து, நல்ல தமிழில், அடித்துத் திருத்தி எழுதினேன். மனு பலித்ததும் நூலகத்து வாசகர் கூட்டத்தில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அந்தப் பொன்னாடையில் இப்போது பைக் துடைக்கிறேன். நன்றாகத் துடைக்கிறது.

தக்கலையிலிருந்து திருவட்டாறு போகிற ரோட்டில், பேச்சிப்பாறைத் தண்ணீர் வருகிற கால்வாயைத் தாண்டி இடதுபக்கம் இறங்கினால் அந்தப் பாதை வரும். ஊர்க்காரர்கள் கல்ரோடு என்பார்கள். அரைக் கிலோமீட்டர்கூட இராது. பாய் விரித்தது மாதிரி கரும்பாறைப் பலகைகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். பத்மநாபபுரத்தில் ராஜா இருந்த காலத்தில் மலைப்பக்கம் போகப் போட்ட பாதை என்று சொல்வார்கள். ராஜா போனாரோ இல்லையோ, மாட்டுவண்டி நிறையப் போயிருக்கிறது. கல்லின் இரண்டு ஓரமும் சக்கரம் உரசி உரசி ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும், தலைப்பிரட்டை நீந்தும். இரண்டு பக்கமும் அயினி மரங்கள். பாதி வழியில் ஒரு சுமைதாங்கி, நட்டு வைத்த இரண்டு கல்லின் தலையில் குறுக்கே ஒரு கல். வழி முடிகிற இடத்தில் அக்காவின் வீடும் இன்னும் நாலைந்து வீடுகளும். அந்த வீடுகளுக்கு வேறு வழி கிடையாது.

அந்தப் பாதையில் நான் முதன்முதலாக நடந்தது அக்காவின் கல்யாணத்தன்று. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தாலிகட்டு முடிந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறோம். அம்பாசடர் கார். கல்ரோட்டில் ஏறியதுமே பள்ளத்தில் சக்கரம் இறங்கி அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. டிரைவர் இறங்கிக் குனிந்து பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார். அதற்குமேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை. அந்தி நேரம், சாரல் வேறு. எல்லாரும் இறங்கி நடந்தோம். மேளக்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டே போனார்கள். ஒருவர் தலையில் பெட்ரோமாக்ஸ். ஈரக்கல்லில் அந்த வெளிச்சம் வழுக்கிக்கொண்டு எங்களோடு கூடவே வந்தது. அயினி இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுகிறது, நாதஸ்வரம் மரத்தடிகளில் முட்டித் திரும்பி வருகிறது, என் கையில் ஒரு குடை. அதைவிட அழகான ஒன்றை நான் அதற்குப்பிறகு பார்க்கவில்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மனைவிக்கு இது தெரியும்.

பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அக்கா வீடுதான். அயினிப்பழம் கல்லில் விழுந்து உடையும். சுமைதாங்கியின் மேல் ஏறி உட்கார்ந்து அதைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் பள்ளத்தில் துப்புவேன். இப்போது நாகர்கோவிலில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். வீட்டு வாசல்வரை தார்ரோடு. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் கல்ரோட்டை நினைத்துக்கொண்டால் கணக்கில் எப்படியும் ஒரு தப்பு விழும்.

அப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனால் கல்ரோட்டின் முனையில் ஜல்லி குவித்திருந்தது. பஞ்சாயத்தில் காங்கிரீட் போடப்போகிறார்களாம். கல்லுக்கு மேலேயே கொட்டி மூடிவிடுவார்களாம். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். "என் தமக்கை மணப்பெண்ணாக நடந்து வந்த பாதை" என்று அதில் ஒரு வரி. அந்த வரியை எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனு பத்திரிகையிலும் வந்தது.

தொல்லியல் ஆட்கள் வந்து அளந்தார்கள். கல்லைத் தட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் ஜல்லி போய்விட்டது. நீலப் பலகை வந்தது. பாதுகாக்கப்பட்ட பழம்பாதை. இரண்டு முனையிலும் கல்தூண் நட்டார்கள். பைக் நுழையலாம், ஆட்டோ நுழையாது. முன்பெல்லாம் ஆட்டோவாவது குலுங்கிக் குலுங்கி வாசல்வரை வந்துகொண்டிருந்தது. அதுவும் போயிற்று.

நான் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய் அக்காவிடம் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டு முழுக்க வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கியே மக்கா," என்றாள். பத்திரிகையை மடித்து என் கையிலேயே தந்துவிட்டுத் தேங்காய் திருவப் போய்விட்டாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாலிகட்டு தக்கலையில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் காய்வெட்டும் அன்றைக்கு ராத்திரிப் பந்தியும் மட்டும் வீட்டில். எங்கள் பக்கத்தில் காய்வெட்டு இல்லாமல் கல்யாணம் கிடையாது. மறுநாள் சத்தியைக்கு, கல்யாண விருந்துக்கு, வேண்டிய காயை ஊர் ஆண்களெல்லாம் கல்யாண வீட்டில் கூடி உட்கார்ந்து வெட்டித் தருவார்கள். அவரவர் பிச்சாத்தியை, அதாவது வீட்டுக் கத்தியை, அவரவரே கொண்டு வரவேண்டும். வராதவன் வீட்டுக் காய்வெட்டுக்கு யாரும் போகமாட்டார்கள்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா ஃபோன் செய்தாள்.

"லே, காலத்த ஆறு மணிக்கு மண்டபத்துக்கு எறங்கணும். கார் எஞ்ச வந்து நிக்கும்?"

"தூணுக்கு அந்தப் பக்கம் நிக்கட்டும் அக்கா. நம்ம பிள்ள நடந்து வரட்டு. நீ நடந்தது மாதிரி. எவ்வளவு நல்லா இருக்கும்."

ஏதோ பாத்திரத்தைத் தடாலென்று வைக்கிற சத்தம் ஃபோனில் கேட்டது.

"நீ இஞ்ச வா," என்றாள்.

போனேன். அடுக்களையில் நின்றபடியே பேசினாள். அத்தான் கல்ஃபிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. கல்யாணப் பெண், அதாவது என் மருமகள், வாசல்படியில் உட்கார்ந்து மொபைலைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ என்னத்தலே கண்டா? நீ குடை புடிச்சது எனக்கா? நாயனக்காரருக்கு. அவருக்க நாயனம் நனையப்பிடாதுன்னு நீ அவருக்க கூடயே ஓடினா. எனக்க பட்டு முழுக்க நனைஞ்சாச்சு. செருப்பு ஒண்ணு அந்தப் பள்ளத்துல போச்சு. வழுக்கி விழுந்து முட்டு பொட்டி ரெத்தம். ஒருத்தரும் பாக்கல்ல. எல்லாரும் மேளத்தப் பாத்துட்டு போறாவ. வாசல்ல வந்து நிக்கேன், எனக்க மாமியாரு பக்கத்துல நிண்ணவளிட்ட கேக்கா, பெண்ணு நொண்டியாக்கும், நம்மகிட்ட சொல்லாம மறைச்சிட்டாவளோன்னு. ஆரத்தித் தட்டுக்கு முன்னால நிண்ணு அதக் கேட்டேன். மனசிலாச்சா?"

எனக்கு மனசிலாயிற்று. இத்தனை வருஷமும் ஒரே பாதையில் நாங்கள் இரண்டு பேரும் வெவ்வேறு ஊர்வலம் போயிருக்கிறோம்.

"அண்ணைக்கே நெனச்சேன். எனக்கொரு பொம்பளப் பிள்ள உண்டுமுன்னா அவ இந்த வாசல்ல இருந்து காருல ஏறித்தான் போவா. கால் தரையில படப்பிடாது. காங்கிரீட்டு போடப்போறாவன்னு கேட்டப்போ கோயிலுக்கு வெளக்கு நேந்தேன். நீ மனு எழுதிட்டா."

மருமகள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "மாமா, அம்மை வெளக்கும் வாங்கியாச்சு. திரும்பக் குடுக்க முடியாதுன்னு கடையில சொல்லியாச்சு."

மறுநாளே லீவு போட்டுவிட்டு, வந்து அளந்துபோன அதிகாரியைத் தேடிப் போனேன். நல்ல மனுஷர். காப்பி வாங்கிக் கொடுத்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கார் என்று கேட்டேன்.

"சார், நீங்களே இப்படிக் கேட்கலாமா? உங்கள் மனுவை நான் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டிதான் ஏறக்கூடாது. நடந்து போகிறதுக்கு யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கல்யாணப் பெண் நடந்து போனால் இன்னும் விசேஷம். போட்டோ எடுக்க ஆள் அனுப்பட்டுமா?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு எனக்குத் தோன்றிய யோசனைகளை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பல்லக்கு வாடகைக்குக் கிடைக்குமா என்று இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒரு இடத்தில், சாமி எந்த ஊர் என்று கேட்டார்கள்.

கடைசியில் மிச்சமிருந்தது வாழைத்தோட்டம். கல்ரோட்டுக்குப் பக்கத்திலேயே, மெயின்ரோட்டிலிருந்து அக்கா வீட்டு வேலிவரை நீளமாகக் கிடக்கிற மட்டிவாழைத் தோட்டம். அக்காவுக்கு அடுத்த வீட்டில் இருக்கிற, ரிட்டயரான வாத்தியார் ஒருவருடையது. ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு நடத்துகிறவர், அதனால் சாதாரணமாகப் பேசினாலே கடைசி பெஞ்சுவரை கேட்கும். நடுவில் இரண்டு வரிசை வாழையை எடுத்துவிட்டால் ஒரு கார் போகலாம். போய்க் கேட்டேன்.

"ஓய், நீருதானே அந்தக் கல்லுக்குத் தூணு நாட்டி மாலை போட்டவரு?"

"நான் மனுதான் குடுத்தேன் வாத்தியாரே."

"காங்கிரீட்டு வருகுன்னு நம்பி எனக்க மோன் காரு வாங்கினான். அது இப்போ மெயின்ரோட்டுல எவனுக்கோ முற்றத்துல நிக்கு. காக்கா அதுல கூடு வைக்கதுதான் பாக்கி. நான் தெனமும் பைக்குல அந்தக் கல்லுல சாடிச் சாடி எனக்க நடுவெலும்பு போச்சு. ரோட்டயும் நிப்பாட்டினீரு, இப்போ வாழையும் வெட்டணுமா? நல்ல ஆளு ஓய் நீரு. காப்பி குடிச்சிட்டுப் போவும்."

காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். சாயங்காலம் அக்கா போனாள். நான் நாலடி பின்னால், வேலிக்கு வெளியே நின்றேன்.

"வாத்தியாரே, ரெண்டு வரி வாழ போணும். குலையெல்லாம் பந்தலுக்கும் பந்திக்கும் நான் எடுத்துக்கிடுகேன். உள்ளத தாறேன்."

"நீ உள்ளதும் இல்லாததும் ஒண்ணும் தரண்டாம். ஒனக்க மோளு எனக்க கிட்ட அட்சரம் படிச்ச பிள்ள. ஒனக்கு வேண்டி தாறேன்." பிறகு வேலிப்பக்கம் திரும்பினார். "அஞ்ச நிக்க ஆளுக்கு வேண்டி ஒரு எலை தரமாட்டேன், கேட்டீரா?"

கேட்டது. திருவட்டாறுவரை கேட்டிருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வாழையை வெட்டினோம். குலையோடு நின்ற வாழைகளைப் பந்தல் வாசலில் கட்டினோம். கால்வாய்ப் பாய்ச்சல் உள்ள மண், மிதித்தால் குழைகிறது. வாழைத்தடியைக் குறுக்கே பரப்பி அதன்மேல் பலகை போட்டோம். ஒரு கார் தாங்கும், பாத்திரம் ஏற்றிய டெம்போ இறங்கினால் வழியே மிஞ்சாது என்று எல்லாரும் சொன்னார்கள். அதனால் டெம்போ தூணுக்கு அந்தப்பக்கம் நின்றது. சமையல் சாமான் முழுக்கக் கல்ரோடு வழியாகச் சுமந்து வரவேண்டும்.

மத்தியானம் பிச்சாத்தியோடு வந்த ஆண்களெல்லாம் கத்தியை மடியில் செருகிவிட்டுச் சுமக்க வந்தார்கள். பாயசம் வைக்கிற பெரிய வார்ப்பைக் கம்பில் கோத்து நாலு பேர் தூக்கினார்கள். தடியங்காய், சேனை, பூசணி, தேங்காய்ச் சாக்கு, விறகு எல்லாம் தலைமேல் வரிசையாகப் போயிற்று. எனக்கு ஒரு தேங்காய்ச் சாக்கு கிடைத்தது. பாதி வழியில் கழுத்து உள்ளே போய்விட்டது போலிருந்தது. எதிரில் சுமைதாங்கி. போய்த் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். சாக்கு தானாக நகர்ந்து கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டது. என் தலை உயரத்துக்குச் சரியாக வைத்த கல். இறக்கிவிட ஆள் வேண்டாம், ஏற்றிவிட ஆள் வேண்டாம். இத்தனை காலமும் நான் அதில் உட்கார்ந்து பழம் தின்றேன், மனுவில் "கலைநயம் மிக்க" என்று எழுதினேன். அது எதற்கு நிற்கிறது என்பது என் கழுத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னால் வந்தவன் சத்தம் போட்டான். "மாமா, எறக்கியாச்சுன்னா தள்ளுங்கோ. மத்தவனுக்கும் கழுத்து உண்டு."

தள்ளி நின்றேன். ஒவ்வொருவராக வந்து சுமையைச் சாய்த்து, மூச்சு விட்டு, பேசி, மறுபடி எடுத்துக்கொண்டு போனார்கள். அயினி மரத்தடியில் வெற்றிலையும் பீடியும் நடந்தது. யாரோ பாட ஆரம்பித்து வரி தெரியாமல் நிறுத்தினார்கள். நான் சின்ன வயதில் பார்க்காத ஒரு காலம் அன்றைக்கு என் கண்ணுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று அக்காவிடம் சொல்கிற தைரியம் மட்டும் இல்லை.

பந்தலில் பாய் விரித்துக் காய்வெட்டு தொடங்கியது. நான் போய் உட்கார்ந்ததும் ஒருவன் நகர்ந்தான்.

"மனு மாமா வந்தாச்சு. கத்திய ஒளிச்சு வையுங்கலே. பழைய கத்தின்னு கண்டா போர்டு வச்சிருவாரு."

"பாயும் பழசாக்கும். இனி நாம இதுல இருக்கப்பிடாதுன்னு சொல்லுவாரு."

சமையல்காரர் நான் வெட்டிய சேனையை எடுத்துப் பார்த்தார். "இது அவியலுக்கா, அஸ்திவாரத்துக்கா? வெரல் நீளம்னு சொன்னா ஒங்க வெரல் இல்ல சாரே, பிள்ளையளுக்க வெரல்."

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் ரொம்பச் சிரித்தேன். காய்வெட்டில் கிண்டல் செய்கிறார்கள் என்றால் இன்னும் நம்மைத் தள்ளி வைக்கவில்லை என்று அர்த்தம். அக்கா சுக்குக்காப்பி கொண்டு வந்தவள் எல்லாருக்கும் கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். ஆனால் மேலே பார்த்துக்கொண்டே நின்றாள். பேச்சிப்பாறைப் பக்கத்து மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மழை பெய்தது. பெரிய மழை இல்லை, ஆனால் போதுமான மழை.

காலையில் கார் வாழைத்தோட்டத்துக்குள் மெதுவாக இறங்கி, வாசல்வரை வந்தேவிட்டது. அக்கா அதன் முன் சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்ளாத குறைதான். மருமகள் வாசல்படியிலிருந்து நேரே காருக்குள் காலை வைத்தாள். அத்தான் குடை பிடித்தார், இந்தத் தடவை சரியான ஆளுக்கு. கார் திரும்பிப் போகும்போது பாதித் தோட்டத்தில் பின்சக்கரம் பலகையை விட்டு வழுக்கி மண்ணில் இறங்கியது. டிரைவர் முறுக்க முறுக்க இன்னும் இறங்கியது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பெண்ணு எறங்கி அந்தக் கல்லு வழியா நடந்தா அஞ்சு நிமிஷத்துல மெயின்ரோடு. அஞ்ச வேற வண்டி ஏற்பாடு செய்யலாம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வரிசை வாழைக்கு அப்பால் கல்ரோடு, மழையில் கழுவிக் கறுப்பாக மின்னிக்கொண்டு, ஒரு பொட்டுச் சேறு இல்லாமல் கிடந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் என் மனசு துள்ளியது. நடக்கட்டுமே என்று சொல்ல வாயையும் திறந்தேன். அப்போதுதான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் காரைப் பார்க்கவில்லை, மகளைப் பார்க்கவில்லை. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறங்கப்பிடாது," என்றாள்.

நான் வாயை மூடினேன். பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கார்ப் பின்னால் போனேன். வாத்தியார் ஏற்கெனவே அங்கே கோட்டைக் கழற்றிவிட்டு நின்றார்.

"தள்ளும் ஓய். மனு எழுதின கைக்குக் கொஞ்சம் வேலை குடும்."

தள்ளினோம். நேற்று சுமந்தவர்களெல்லாம் வந்து சேர்ந்தார்கள். வாத்தியார் சபையில் பாட்டு எடுத்துக் கொடுக்கிற மாதிரி எடுத்துக் கொடுத்தார், நாங்கள் மூச்சு பிடித்தோம். சக்கரம் சுழன்று, என்னைத் தேடிப் பிடித்தது போல, நெற்றியிலிருந்து கணுக்கால்வரை சேற்றால் குளிப்பாட்டிவிட்டு மேலே ஏறியது. மருமகள் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கார் போயிற்று. அவள் கால் தரையில் படவில்லை.

மாற்றுவேட்டி கொண்டுவரவில்லை. தாய்மாமன் மேடையில் நிற்காமல் முடியாது. முகத்தை மட்டும் கழுவிவிட்டு நின்றேன். கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், நாற்று நடுகிற இடத்திலிருந்து நேரே வந்தவன் மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் என்னை யாரென்று கேட்டதாகவும், தோட்டக்காரர் என்று அத்தான் சொன்னதாகவும் ஒரு பேச்சு உண்டு.

பந்தி முடிந்து, பெண்ணை அனுப்பிவிட்டு, மண்டபம் காலியான பிறகு கடைசி வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேட்டியில் சேறு காய்ந்து உதிர்ந்தது. அழுது முடித்த முகத்தோடு அக்கா இலையில் கொஞ்சம் பிரதமன் பாயசம் கொண்டுவந்து என் கையில் தந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். காரைத் தள்ளினதற்கு ஏதாவது சொல்லுவாள் என்று நான் இலையை வழித்துக்கொண்டே காத்திருந்தேன்.

"லே," என்றாள். "இனி ஒனக்கு மனு எழுதணும்னு தோணிச்சுன்னா, ஒனக்க வீட்டு முன்னால கெடக்க ரோட்டுக்கு எழுது."